இரண்டரை மீறல்

சண்டை இருபத்திரண்டு நாளில் முடிந்துவிட்டது. கமிட்டிதான் முடியவில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில் பம்பாய் முழுவதும் விளக்கை அணைக்கச் சொன்னபோது, மாஹிம் கடற்கரையிலிருந்து தாராவி வரைக்கும் இருட்டைக் காவல் காக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அது நாணயமாக வேலை செய்த கமிட்டி. நூற்றிருபது விசில், அறுபது டார்ச் லைட், சிவப்புக் கைப்பட்டைகள், குண்டு விழுந்தால் தீயை அணைக்க முந்நூறு வாளி மணல் என்று எல்லாவற்றையும் சேர்த்து, வாளிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்ட அன்றைக்குக் கமிட்டிக்காரர்கள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. இத்தனை விசிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெய்வம் கைவிடவில்லை. அடுத்த வாரமே, பேர் சொல்லக்கூடாத ஒரு பெரிய மனிதரின் மகன், வயது பதினைந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மாஹிம் கடற்கரையில் மூன்று சிநேகிதர்களோடு சிகரெட் பிடித்துக்கொண்டு மீன்படகுகள்மேல் கல்லெறிந்து விளையாடியபோது பிடிபட்டான். அவன் பேரை எழுத முடியாது என்பதால் கமிட்டி அவன் வயதை எழுதிக்கொண்டது. பதினாறு வயது முடியாத எவரும் இரவு எட்டரை மணி முதல் காலை ஐந்து மணி வரை வீட்டுக்கு வெளியே காணப்படக் கூடாது. மீறினால் அட்டையில் ஒரு பதிவு. மூன்று பதிவு சேர்ந்தால் நாசிக் பக்கம் எங்கோ மலையடிவாரத்தில் இருக்கும் சீர்திருத்த இல்லம். பதினாறு முடிகிறவரை அங்கேதான். கமிட்டியின் பேரும் மாறிற்று. இரவுநேரச் சிறார் பாதுகாப்புக் கமிட்டி.

தாராவியில் இந்த நோட்டீசைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினார்கள். அய்யாத்துரைக்கு அதை வாசித்துச் சொன்னது அவன் மகன் இசக்கிமுத்துதான். பையனுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறான். மூன்று பெண்களுக்கு அப்புறம் பிறந்தவன், வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால்களெல்லாம் வெந்துபோன அய்யாத்துரைக்கு, மகன் வாசிக்கும் சத்தத்தைக் கேட்பதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் கிடையாது. அதனால் அவன் நோட்டீசில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைப் பையன் தடங்கலில்லாமல் வாசிக்கிறான் என்பதைத்தான் கவனித்தான்.

“நமக்கென்னல,” என்றான். “நாம வீட்டுலதான இருக்கோம்.”

வீட்டில்தான் இருந்தார்கள், பாவம். கோலி என்று சொல்கிற எட்டடிக்குப் பத்தடி ஒற்றை அறை. உள்ளே அவன் மனைவி பேராச்சி, மூன்று பெண்கள், கைக்குழந்தை, பிரசவத்துக்கு வந்திருக்கும் பேராச்சியின் தங்கை பூமாரி, பூமாரி பெற்ற பத்து நாள் சிசு. ஒருத்தி புரண்டால் ஏழு பேரும் புரண்டாக வேண்டும். தாராவியில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கப்படி பெண்களுக்கு உள்ளே, ஆண்களுக்கு வெளியே. வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் தகப்பனும் பிள்ளையும் ஒரே போர்வையில். கட்டிலின் ஒரு கால் அய்யாத்துரை வீட்டுப் படியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு கால் எதிர்வீட்டுப் படியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை வெளியே என்று யாரும் நினைத்ததில்லை.

கமிட்டி நினைத்தது. நான்காம் நாள் ராத்திரி முகத்தில் வெளிச்சம் அடித்தது. அய்யாத்துரை கண்ணைத் திறந்தபோது விசில் சத்தம் காதைப் பிளந்தது. டார்ச் லைட்டுக்குப் பின்னால் நின்றவன் அடுத்த சந்தில் குடியிருக்கும் கணேசபாண்டியன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடுகிறவன்தான். கையில் சிவப்புப் பட்டை ஏறியதிலிருந்து ஆளே வேறு.

“என்ன கணேசா இது?”

“டியூட்டியில இருக்கேன் அண்ணாச்சி. பேசக்கூடாது,” என்றான் கணேசபாண்டியன். பேசக்கூடாது என்றவன் பேசாமலேயே ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துப் பையனின் பேரையும் வயதையும் எழுதி, ‘வீட்டுக்கு வெளியே காணப்பட்டான்’ என்று ஒன்று போட்டுவிட்டுப் போனான். போகும்போது குரலைத் தாழ்த்தி, மூன்றாவது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும், அன்று காலைதான் குயவர் குடியிருப்பிலிருந்து ஒன்பது பையன்களை லாரியில் ஏற்றியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னான்.

அன்றிலிருந்துதான் அய்யாத்துரையின் வயிற்றில் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. அது சாப்பாட்டுக்கும் இடம் விடவில்லை, தூக்கத்துக்கும் இடம் விடவில்லை. அவன் நாசிக்கைப் பார்த்ததில்லை. மலையடிவாரம் என்றால் பிள்ளையைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிற இடம் என்று மட்டும் அவனுக்குப் பட்டது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கமிட்டி ஆபீசுக்குப் போனான். மாஹிம் கடற்கரையில் ஒரு பழைய மீன் கிடங்குதான் ஆபீஸ். உள்ளே முந்நூறு வாளி மணல் சுவர்களை மறைத்து அடுக்கியிருந்தது. மிச்ச இடத்தில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, இரண்டு பேர். விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் கௌரவச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காக்காரர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர், தமிழ் ஜனங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று சம்பளம் வாங்காமல் வந்திருப்பவர். விசிறிக் காற்று படாத மூலையில் கிளார்க் கிட்டு. இவனுக்குச் சம்பளம் உண்டு, அதனால் மரியாதை கிடையாது.

அய்யாத்துரை செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

செயலாளர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். “இத பாருப்பா,” என்றார். “குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் எது? வீடு. வீடுன்னா என்ன? நாலு சுவர், ஒரு கூரை. நீ என்ன பண்றே, அவனைத் தெருவுல போட்டு நீயும் பக்கத்துல படுத்துண்டுடறே. எங்க ஆத்துலயும்தான் பேரக்குழந்தைகள் இருக்கா. ஆளுக்கு ஒரு ரூம். எட்டரைக்குக் கதவைச் சாத்தினா காலம்பறதான் திறக்கும். அவாளால முடியறது உங்களால ஏன் முடியலை? அதைத்தான் நான் மீட்டிங்குக்கு மீட்டிங் கேக்கறேன்.”

“எடமில்ல ஐயா. எட்டுக்குப் பத்து கோலி. உள்ள ஏழு பேரு கெடக்காவ.”

“இடம் இல்லைங்கறது எங்க சப்ஜெக்ட் இல்லை. அது வேற டிபார்ட்மென்ட். எங்க சப்ஜெக்ட் பாதுகாப்பு மட்டும்தான்.”

அய்யாத்துரை பயத்தில் புத்திசாலியாகிவிட்டான். ஒரு ஆள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் படுத்திருந்தால் அவன் எங்கே இருப்பதாகக் கணக்கு என்று கேட்டான். செயலாளருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கென்று ஒரு சப்-கமிட்டி போட்டார். சப்-கமிட்டி அன்று மத்தியானமே மூன்று முறை கூடியது, மூன்று முறை போண்டா சாப்பிட்டது, தலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இந்த நல்ல சேதியைக் கிட்டுதான் சொன்னான்.

அன்று ராத்திரி இசக்கிமுத்துவின் தலை வீட்டுக்குள் அம்மிக்குப் பக்கத்தில் இருந்தது. கழுத்து நிலைப்படிமேல் இருந்தது. உடம்பு படியில் சரிந்து கால்கள் தெருவில் கிடந்தன. பேராச்சி நிலைப்படியில் பழந்துணியை மடித்து வைத்துக்கொடுத்தாள். தலைக்கு மேலே எப்படி நடமாடுவது, பிள்ளையைத் தாண்டினால் வளர்வானா என்று பெண்கள் யாரும் தண்ணீர் புழங்குகிற மூலையான மோரிப் பக்கம்கூடப் போகாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். அய்யாத்துரை கட்டிலில் உட்கார்ந்து மகனின் இரண்டு கால்களையும் மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு டார்ச் லைட் வந்தது. காலில் அடித்தது. விசில் ஊதியது.

“தலை உள்ள இருக்கு, பாரு கணேசா. சப்-கமிட்டி சொல்லிட்டாவ.”

சப்-கமிட்டி சொன்னது வாஸ்தவம்தான், ஆனால் அது இன்னும் டைப் ஆகி வரவில்லை என்றான் கணேசபாண்டியன். டைப் ஆகிற வரைக்கும் பழைய வழக்கம்தான். இருந்தாலும் பழகிய தோஷத்துக்கு அவன் ஒரு உதவி செய்தான். முழுப் பதிவு போடாமல் அரைப் பதிவு போட்டான். ‘இடுப்புக்குக் கீழே வெளியே காணப்பட்டான். மீறல்: அரை.’

ஆக ஒன்றரை. இன்னும் ஒன்றரைதான் பாக்கி என்று அய்யாத்துரை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டான். மகனின் மிச்ச வாழ்க்கையே அந்த ஒன்றரைக்குள்தான் இருந்தது. கிடங்கில் வேலை செய்யும்போது கைவிரல்கள் தாமாகவே ஒன்று, அரை, ஒன்று, அரை என்று மடங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரி இரண்டு தடவை ஏசினான்.

இனி வெளிக்காற்றே வேண்டாம் என்று பேராச்சிதான் முடிவு கட்டினாள். சுவரோரம் பாத்திரமும் தகரப்பெட்டியும் வைத்திருந்த பரணைக் காலி செய்து, பையனை அதில் ஏற்றினாள். அக்டோபர் மாதம். மழை நின்று பம்பாய் வேகிற மாதம். தகரக் கூரைக்கும் பையனுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவன் மல்லாக்கப் படுத்தால் மூக்கு தகரத்தில் சுடும், ஒருக்களித்தால் கீழே விழுவான். வேர்வை பரணிலிருந்து சொட்டிப் பூமாரியின் சிசுமேல் விழுந்தது. இரண்டாம் நாளே பையனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்து அடி வாங்கினான். ஆனால் அட்டை ஒன்றரையிலேயே நின்றது. அய்யாத்துரை கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு, கைநீட்டும் தூரத்தில் பிள்ளை இல்லாததால் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தான்.

மீறல்கள் குறைந்ததும் கமிட்டிக்குக் கவலை வந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே இல்லை என்றால் எங்கே இருக்கிறார்கள்? உள்ளேதான் இருக்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆகவே உறக்கச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டி, பிள்ளை உள்ளே உறங்குகிறானா என்று கண்ணால் பார்த்து, அச்சடித்த தாளில் அவனிடமே கையெழுத்து வாங்க வேண்டும். ‘இந்த நேரத்தில் நான் என் வீட்டுக்குள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்பது அதன் வாசகம்.

முதல் சோதனைக்குச் செயலாளரே நேரில் வந்தார். இரண்டு மணி இருக்கும். கமிட்டி வருகிறது என்று முன்னாலேயே ஓடிவந்து கணேசபாண்டியன் சொன்னதும் அய்யாத்துரை கட்டிலை விட்டு இறங்கி நின்றான். வேங்கடசுப்ரமணியன் சாக்கடையைத் தாண்டித் தாண்டி, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பின்னால் ரிஜிஸ்டரோடு கிட்டு.

பேராச்சி கதவைத் திறந்தாள். பையன் பரணிலிருந்து இறங்கினான். தூக்கக் கலக்கத்தில் முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் நிற்பதைப் பார்த்தான்.

இங்கேதான் அய்யாத்துரை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். பையனுக்கு நாலு வயதிலிருந்து அவன் சொல்லிக்கொடுத்த ஒரே மரியாதை அது. பெரிய மனுஷர் வாசலுக்கு வந்தால் வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசக்கூடாது. கீழே இறங்கி வந்து கும்பிட வேண்டும். உள்ளே நின்று பேசுவது திமிர். தாராவிச் சந்துகளில் திருநெல்வேலிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது தாய்ப்பாலோடு வந்த பாடம். இசக்கிமுத்து அக்காக்களைத் தாண்டாமல் சுற்றி வந்து, நிலைப்படியைக் கடந்து, படியில் இறங்கி, தெருவில் நின்று, இரண்டு கையையும் குவித்தான்.

அய்யாத்துரை அவனை உள்ளே தள்ளக் கையை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அடடா, என்ன பண்பு,” என்றார் செயலாளர். அவருக்கு உண்மையாகவே மனசு நிறைந்துவிட்டது. பையனின் தலையைத் தடவிக்கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் அழகாகப் போட்டான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எழுதிக்கோ கிட்டு,” என்றார். “ரெண்டு மணி பத்து நிமிஷம். வீட்டுக்கு வெளியே காணப்பட்டான்.”

“ஐயா, நீங்க வந்தீயன்னுதான் எறங்கினான்.”

“தெரியறதுப்பா. நான் பார்த்துண்டுதானே இருக்கேன். அதனாலதான் சாட்சியே தேவை இல்லை.”

அய்யாத்துரை கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்தான். ஒன்றரையும் ஒன்றும் இரண்டரைதானே, மூன்றாகவில்லையே, இன்னும் அரை இருக்கிறதே என்றான். அந்த அரையை அவன் இத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். செயலாளர் கிட்டுவைப் பார்த்தார். கிட்டு ரிஜிஸ்டரைப் பார்த்தான். அரை மீறல் என்று ஒரு பத்தி அதில் இல்லை, முழு எண்ணுக்குத்தான் கட்டம் அடித்திருக்கிறது, அரையை முழுசாக எழுதுவதுதான் வழக்கம் என்றான். “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிற மாதிரி முடித்தான்.

பையன் அழவில்லை. அவனுக்கு என்ன நடந்தது என்றே இன்னும் புரியவில்லை. பேராச்சிதான் படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதால் மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள் என்ற பயம்.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்று செயலாளரே சொன்னார். வெள்ளைத்தாளில் எழுதி, ஆபீஸ் நேரத்தில், பத்திலிருந்து ஐந்துக்குள் கொடுக்கலாம். லாரி எப்போது என்று அய்யாத்துரை கேட்டான். காலை ஐந்தரை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் போக, அய்யாத்துரை பின்னாலேயே ஓடினான். கையில் போர்வை. ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கடற்கரையில் காற்று அடிக்கும் என்று கை நினைத்திருக்க வேண்டும். வழிநெடுக அவன் ஆத்தா பேரையும் சுடலைமாடன் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். மாஹிமில் கமிட்டி ஆபீசுக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

பிடித்த பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைக்கக் கிடங்கில் இடமில்லை. வாளிகள் இருந்தன. ஆகவே கமிட்டி அவர்களைக் கிடங்குக்கு வெளியே, ரோட்டோரத்தில், வரிசையாகப் படுக்கப் போட்டிருந்தது. நாற்பது பிள்ளைகள். கொசுவுக்காகத் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால் மட்டும் வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு இருபுறமும் டார்ச் லைட்டோடு தொண்டர்கள்.

“ஐயா, இதும் வெளியதான?” என்று கேட்டுவிட்டான் அய்யாத்துரை.

“இது வெளி இல்லைப்பா, முகாம்,” என்றார் வேங்கடசுப்ரமணியன். தாம் ஐந்து மணிக்கு வந்து குழந்தைகளுக்கு நாலு வார்த்தை சொல்லி வழியனுப்புவதாகச் சொல்லிவிட்டு, கதவு சாத்துகிற வீட்டில் தூங்கப் போனார்.

வரிசையின் கடைசியில் இசக்கிமுத்துவைப் படுக்க வைத்தார்கள். ஆக நாற்பத்தொன்று. போர்வையைக் கொடுக்க அனுமதி உண்டு, தகப்பன் நிற்க அனுமதி இல்லை. அய்யாத்துரை ஒரு படகின் மறைவில் குந்திக்கொண்டு பார்த்தான். பத்து நாளாகப் பரணில் வெந்த பையன் கடல்காற்று பட்டதும் அயர்ந்துவிட்டான். அதைப் பார்த்ததும்தான் அய்யாத்துரைக்கு அழுகை வந்தது. விடிந்தால் இவன் எங்கே, நாம் எங்கே? சாகும்வரை இனி யார் நமக்கு வாசித்துக்காட்டப் போகிறார்கள்?

நாலு மணிக்குத் தொண்டர்கள் டீ குடிக்கப் போனார்கள். அய்யாத்துரை யோசனை எதுவும் செய்யவில்லை. யோசித்திருந்தால் பயத்தில் செய்திருக்கமாட்டான். தவழ்ந்து போய், மகனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் நடுவே நுழைந்து, வீட்டுக் கட்டிலில் படுப்பது போலவே அதே போர்வைக்குள் படுத்துக்கொண்டான். லாரி வரும்வரை ஒன்றரை மணி நேரம் பிள்ளையைத் தொட்டுக்கொண்டு கிடக்கலாம், அவ்வளவுதான் ஆசை. ஆள் குள்ளம். சுண்ணாம்பு தின்ற கால்கள் குச்சி மாதிரி இருந்தன.

நாலரைக்குக் கிட்டு எண்ண வந்தான். போர்வையை விலக்கித் தலையைப் பார்த்தால் கொசு புகுந்து பிள்ளைகள் எழுந்துகொள்ளும் என்பதால் அவன் கால்களை எண்ணி இரண்டால் வகுப்பது வழக்கம். போன வாரம் ஒரு பையன் ஒரு காலை மடக்கிப் படுத்து, எட்டரைப் பேர் என்று கணக்கு வந்து, அதற்குக் கிட்டு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்றைக்கு அவன் எண்ணியபோது எண்பத்துநாலு கால்கள் வந்தன. திரும்ப எண்ணினான். எண்பத்துநாலுதான்.

போர்வைக்குள் அய்யாத்துரை மூச்சை அடக்கிக்கொண்டான். கிட்டுவின் மூச்சு மேலும் கீழும் வாங்குவது அவனுக்குக் கேட்டது. அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, இந்த இருட்டில் பயந்துகொண்டிருப்பது தான் மட்டும் இல்லை. ஒரு பிள்ளை குறைந்தால் ஓடிவிட்டான் என்று எழுதலாம். ஒரு பிள்ளை கூடினால் என்ன எழுதுவது? எங்கிருந்து வந்தான், யார் பிடித்தார்கள், அட்டை எங்கே? ஐந்து மணிக்குச் செயலாளர் வருவார். பெண்டாட்டியும் மூன்று குழந்தைகளும் உள்ள கிட்டு இருபுறமும் பார்த்தான். பிறகு வரிசையின் கடைசியில் இருந்த பிள்ளையைத் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“எழுந்திரு. ஆத்துக்கு ஓடு.”

இசக்கிமுத்து எழுந்து உட்கார்ந்தான். நோட்டீசைத் தடங்கலில்லாமல் வாசித்தவன் அல்லவா? “இன்னும் அஞ்சு மணி ஆவல சார்,” என்றான்.

“நான் உன்னைப் பாக்கலை. நீ என்னைப் பாக்கலை. போ.”

பையன் போர்வைக்குள் கைவிட்டுத் தகப்பன் கையைத் தொட்டான். அய்யாத்துரை அந்தக் கையை அழுத்தித் தள்ளினான். போ என்று வாயால் சொல்ல முடியாத தகப்பனின் தள்ளல் அது. மணலில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அதற்கு அப்புறம் இருந்த அரைமணி நேரம்தான் அய்யாத்துரையின் ஆயுசிலேயே நீளமான அரைமணி. இருட்டு முழுவதும் விசில்கள் இருந்தன. ரயில்வே கேட் பக்கம் இரண்டு தொண்டர்கள், குழாயடியில் ஒருவன், சந்து முனையில் கணேசபாண்டியன். எங்கே எப்போது ஒன்று ஊதும் என்று உடம்பே காதாகக் கிடந்தான். அலைச் சத்தத்தைச் சபித்தான். தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மில் சங்கு ஊதியது. ஐந்து மணி. விசில் ஊதவே இல்லை.

செயலாளர் குளித்துப் புதுத் திருநீறோடு வந்தார். பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தார்கள். கிட்டு ரிஜிஸ்டரைப் பிரித்துப் பேர் வாசித்தான். ஒவ்வொருத்தனாக லாரியில் ஏறினான். கடைசியில், “இசக்கிமுத்து, பன்னிரண்டு வயசு,” என்று வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

அய்யாத்துரைக்குத் தான் மகனின் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டிருந்த வார்த்தை ஞாபகம் வந்தது. “உள்ளேன் ஐயா,” என்றான்.

கிட்டு அய்யாத்துரையின் முகத்தைப் பார்த்தான், ரிஜிஸ்டரைப் பார்த்தான். கணக்கு நாற்பத்தொன்று சரியாக இருந்தது. ஒரு டிக் போட்டான்.

வேங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அய்யாத்துரையை ஏற இறங்கப் பார்த்தார். நரை ஓடிய மீசையை, குழிவிழுந்த கன்னத்தை, வழுக்கை ஏறிய நெற்றியை. இவனை எங்கேயோ பார்த்தது போலவும் இருந்தது அவருக்கு. அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டான். கண்டுபிடித்துவிட்டால் ஆளை அனுப்பிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

“பன்னெண்டு வயசா?”

“ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு சார்,” என்றான் கிட்டு.

ரிஜிஸ்டர் என்றதும் செயலாளரின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. முப்பது வருஷம் ரிஜிஸ்டரோடு குடித்தனம் நடத்தியவர் அவர். “பாத்தேளா?” என்று தொண்டர்கள் பக்கம் திரும்பினார். “இதைத்தான் நான் மீட்டிங்குக்கு மீட்டிங் அடிச்சுக்கறேன். ராத்திரி தெருவுல பனியில படுத்துண்டா இப்படித்தான். பன்னெண்டு வயசுலயே மூப்புத் தட்டிப்போயிடறது. நாம மட்டும் வரலேன்னா இந்தக் குழந்தையோட கதி என்ன ஆறது?” அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அய்யாத்துரையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

தொண்டர்கள் கைதட்டினார்கள். லாரி கிளம்பிற்று.

பிள்ளைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அய்யாத்துரை, தாராவி முனை வந்ததும் எட்டிப் பார்த்தான். சந்துக்குள் கட்டில் தெரிந்தது. கட்டிலில் போர்வை இல்லாமல் சுருண்டு படுத்து இசக்கிமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். பேராச்சி பக்கத்தில் நின்று கையை நெற்றிக்கு வைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்கால் மணி. சட்டப்படி தூங்கலாம். கூப்பிட நினைத்தான். கூப்பிட்டால் லாரி நிற்கும் என்று வாயை மூடிக்கொண்டான்.

சயான் தாண்டியதும் பக்கத்தில் நின்ற சின்னப் பையன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, நம்மள எப்ப விடுவாங்க?” என்று கேட்டான்.

பதினாறு முடிந்ததும் விட்டுவிடுவார்கள் என்று அய்யாத்துரை அவனுக்குத் தைரியம் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் கணக்கைப் பார்த்தான். முப்பத்தெட்டு வயது அய்யாத்துரைக்குப் பதினாறு முடிய இன்னும் நாலு வருஷம் இருந்தது.